0.58 விநாடின்னா எத்தனை மீட்டர்?

2023 ஆகஸ்ட், புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டி. ஆண்கள் 4x400 மீட்டர் தொடரோட்டத் தகுதிச்சுற்று. அமெரிக்கா 2:58.47, இந்தியா 2:59.05, ஆசிய சாதனை! கடைசிச் சுற்று ஓடிய ராஜேஷ் ரமேஷ், நம்ம திருச்சி ஜங்ஷன்ல டிக்கெட் பரிசோதகரா வேலை பார்த்தவர்.

கணக்கு போடுவோம். 1600-ஐ 179.05-ஆல் வகுத்தா சராசரி வேகம் விநாடிக்கு 8.94 மீட்டர். அதை 0.58-ஆல் பெருக்கினா 5.2 மீட்டர். ஓட்டக்காரருக்கு ரெண்டு எட்டு, அவ்வளவுதான்.

இந்த ரெண்டு எட்டைக் கோல் மாத்துற இடத்திலேயே தொலைச்சிடலாம். 4x100-ல வாங்குறவர் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டுவார். 4x400-ல அது சரிப்படாது. வர்றவர் 400 மீட்டர் ஓடிக் களைச்சு வர்றார். கடைசி நேரத்துல அவர் வேகம் எவ்வளவு இறங்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால பார்த்துத்தான் வாங்கணும். சீக்கிரம் கிளம்பினா கோல் எட்டாது. 20 மீட்டர் எல்லைக்குள்ள கை மாறலைன்னா தகுதி நீக்கம். லேட்டா கிளம்பினா, வர்றவர் பிரேக் போடணும். மொத்தம் மூணு மாற்றம். ஒவ்வொண்ணுலயும் 0.2 விநாடி போனாலே 0.6 ஆச்சு!

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 3:00.25. அதுவும் அப்போ ஆசிய சாதனைதான். ஆனா இறுதிக்குப் போறது எட்டு அணி, நாம ஒன்பதாவது. அன்னைக்கு மூணாவதா ஓடினவர் லால்குடி ஆரோக்கிய ராஜீவ். ஸ்ரீரங்கத்துல இருந்து கொள்ளிடம் தாண்டினா அவர் ஊர்ப்பக்கம்தான்.

புடாபெஸ்டில் மறுநாள் இறுதிச்சுற்று: 2:59.92, அஞ்சாவது இடம்.