சிலோவே கோபுரமும் லிஸ்பன் நகரமும்



சாவு வீட்டிலே ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "என்ன பாவம் செய்தார்களோ, இப்படி வந்துவிட்டது." சொல்பவர் இரக்கத்தோடுதான் சொல்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் நெஞ்சிலோ அது ஈட்டியாய்ப் பாய்கிறது. இப்பேச்சு நமது வேதத்துக்கு ஒத்ததா?

சிலோவேயில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதை அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளோ என்று கேட்ட நமதாண்டவர், இல்லையென்று தாமே மறுமொழி கூறுகிறார். மனந்திரும்பும்படி அவர் எச்சரித்தது செத்தவர்களையல்ல, கேட்டுக்கொண்டு நின்றவர்களையே.

1755-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, சகல அர்ச்சிஷ்டவர்களின் திருநாள். போர்த்துகல் தேசத்து லிஸ்பன் நகரில் கோவில்களெல்லாம் பூசை காண வந்தவர்களால் நிறைந்திருந்தன. காலையில் பூமி அதிர்ந்தது. கோவில்கள் அவர்கள் மேலேயே இடிந்தன. ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் எழும்பி வாரிக்கொண்டது. பீடத்து மெழுகுதிரிகளிலிருந்தும் வீட்டு அடுப்புகளிலிருந்தும் பற்றிய நெருப்பு ஐந்தாறு நாள் எரிந்தது. மாண்டவர் பல்லாயிரம்.

மலகிரீதா என்ற சேசுசபைக் குரு, நகரத்தாரின் பாவமே காரணம், இயற்கையன்று என்று 1756-ல் ஒரு சிறு நூல் எழுதினார். பக்தியுள்ளவர்தான். (பின்னர் அவருக்கு நேர்ந்த கொடிய முடிவு வேறு கதை.) ஆனால் பூசைக்கு வந்தவர்கள் பூசையிலேயே மாண்டதற்கு அந்நூலில் என்ன ஆறுதல் உண்டு?

அதே காலத்தில் மந்திரி பொம்பால் என்பவர் தேசத்துப் பங்குக் குருக்களுக்கெல்லாம் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா? எத்தனை பேர் மாண்டார்கள்? குருக்கள் எழுதியனுப்பிய பதில்களில் பல லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. பூகம்ப சாஸ்திரிகள் அவற்றை இப்போதும் ஆராய்கிறார்கள். பொல்லாத மனிதர் என்று பொம்பாலைப் பலர் சொல்வார்கள். கேட்ட கேள்விகள் நல்லவை. புதிய வீடுகளுக்குச் சுவருக்குள்ளே குறுக்குக் கட்டைகள் பூட்டிய மரக்கூடு வைத்தார்கள். தெருக்களையும் அகலமாக்கினார்கள்.

நமது கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கருகே பூமி அதிர்ந்து இரண்டு மணிக்கு மேல் கழிந்தே அலை நம் கரைக்கு வந்தது. வேளாங்கண்ணியில் யாத்திரைக்கு வந்தவர்கள் கடற்கரையில் நின்றார்கள். அவர்களுக்குச் சொல்வாரில்லை. இந்துமகா சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடே அன்று கிடையாது; 2007-ல்தான் ஐதராபாத்தில் நமக்கென்று ஒரு நிலையம் அமைந்தது. ஒரு தேசம் முன்னேறிற்றா என்று பார்க்க, கட்டிய மாளிகைகளைவிட இத்தகைய நிலையமே எனக்கு நல்ல அளவுகோலாகத் தோன்றுகிறது.

நிலையம் அனுப்பும் செய்தி கடைசி வீட்டுக்கும் எட்டவேண்டுமே! ஆகையால் இந்த ஞாயிறு மாலை ஜெபமாலை முடிந்தபின் வீட்டில் இவற்றைப் பேசுங்கள். உங்கள் தெருவில் தானாக நடக்கமுடியாதவர் யார்? வெள்ளமோ புயலோ வந்தால் அவரைத் தூக்கிச் செல்பவர் யார்? எந்த மேட்டுக்கு? அவருடைய பெயரை ஒரு காகிதத்தில் எழுதி அடுத்த வாரம் கோவிலுக்குக் கொண்டுவாருங்கள்.