வீடே ஆபீஸாகிவிட்டதா?

1. சுவரில் முதுகு படும்படி உட்காருங்கள். கேமராவில் சுவர் மட்டுமே தெரியும். வீட்டில் உள்ளவர்கள் குனிந்து ஓட வேண்டாம்.

2. மீட்டிங் நேரங்களைக் காலையிலேயே ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். மிக்ஸியை முன்னதாகவே ஓட்டி முடித்துவிடலாம்.

3. சாப்பாட்டை லேப்டாப் முன் கொண்டுவரச் சொல்லாதீர்கள். எழுந்து போனால் முதுகுக்கு ஓய்வு. தட்டையும் நீங்களே கழுவுங்கள். நீங்கள் வீட்டில் இருப்பதால் கூடுதல் வேலை சமைப்பவருக்குத்தான்.

4. ஹெட்செட் மாட்டியிருந்தால் கூப்பிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். சின்னக் குழந்தைக்குக் கடிகாரம் புரியாது, இது புரியும்.

5. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். கண் களைப்பு குறையும்.

6. வேலை முடிந்ததும் லேப்டாப்பைப் பைக்குள் வையுங்கள். வெளியே கிடந்தால் 'ஒரே ஒரு மெயில்' என்று கை போகும்.