உற்பத்திச் செலவைக் கணிப்பதில் மடக்கைகளின் பயன்

ஒரு தொழிற்சாலையில் முதன்முறையாகச் செய்யப்படும் பொருளுக்கு உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும். கை பழகப் பழக அது குறையும். இது யாவரும் அறிந்ததே. ஆயின், எவ்வளவு குறையும் என்பதை அறிந்தாலன்றி ஒப்பந்தங்களுக்குத் தக்க விலை கூற இயலாது.

அமெரிக்கப் பொறியாளர் டி. பி. ரைட் என்பார் 1936-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விதியை வெளியிட்டார். (இவர் மரபியல் அறிஞர் சீவால் ரைட்டின் உடன்பிறந்தவர், விமானம் கண்ட ரைட் சகோதரர்களுக்கு உறவினரல்லர்.) செய்யப்படும் விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும், ஒன்றிற்கான சராசரி உழைப்பு முன்னிருந்ததில் நூற்றுக்கு 80 பங்காகக் குறைகிறது என்பதே அது. பிற்காலத்தார் சிலர் சராசரியை விடுத்துத் தனித்தனிப் பொருளுக்கே இவ்விதியைப் பொருத்தினர். நாமும் அவ்வாறே செய்வோம்.

முதற் பொருளுக்கு 1,000 மணி நேர உழைப்பு எனக் கொள்க. இரண்டாவதற்கு 800, நான்காவதற்கு 640, எட்டாவதற்கு 512 மணி ஆகும். நூறாவதற்கு? இரட்டித்துக்கொண்டே சென்றால் 64-இலிருந்து 128-க்குத் தாவிவிடுவோம். இங்குதான் மடக்கை துணைபுரிகிறது. 0.8-இன் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுத்தால் −0.322 கிடைக்கும். பொருளின் வரிசை எண்ணுக்குரிய மடக்கையை இதனாற் பெருக்கி, 1,000-இன் மடக்கையாகிய 3-உடன் கூட்டுக. 100-இன் மடக்கை 2 ஆதலின், விடை 2.356. இதன் எதிர்மடக்கை ஏறத்தாழ 227. நூறாவது பொருளுக்கு 227 மணி போதும்.

இதனைத் திருப்பியும் கேட்கலாம். எத்தனையாவது பொருளில் உழைப்பு 250 மணிக்குக் கீழே இறங்கும்? 4-இன் மடக்கையாகிய 0.602-ஐ 0.322-ஆல் வகுக்க, 1.87 வரும். இதன் எதிர்மடக்கை 74-க்குச் சற்று மிகுதி. எனவே 75-ஆவது பொருளில். இப்போது, பழகிய ஆலையொன்றின் கணக்கைப் பார்த்துப் பொருளொன்றுக்கு 250 மணி வீதம் விலை கூறி, 20 பொருள்களுக்கு மட்டும் ஒப்பந்தம் ஏற்ற புதிய பட்டறையின் நிலையைக் காண்போம். இருபதாவதற்கே 381 மணி செல்லும். இருபதுக்கும் சேர்த்து ஏறக்குறைய 10,485 மணி. கூலியாக வருவதோ 5,000 மணிக்கு மட்டுமே. அப்பட்டறையார் சோம்பேறிகளல்லர், அவர்களுடைய கணக்கே பிழை.

நூற்றுக்கு 80 என்பது எத்தொழிலுக்கும் பொருந்தும் எண்ணன்று. இயந்திரமே பெரும்பகுதியைச் செய்யும் வேலையில் குறைவு சிறிதாகவே இருக்கும். ஆகவே, தம் பட்டறையின் பழைய ஏடுகளிலிருந்து வரிசை எண், உழைப்பு மணி ஆகிய இரண்டின் மடக்கைகளையும் எடுத்து வரைபடத்தாளில் குறிக்க வேண்டும். புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமையுமாயின் அதன் சாய்வே வேண்டிய எண். வேலை நெடுநாள் நின்று மீண்டும் தொடங்கிய இடத்தில் கோடு முறிந்து மேலெழுந்திருக்கக் காணலாம்; அவ்விடத்திற்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடலாகாது.