சோதனையும் காட்டும் உபகாரமும்

முற்றுணர்வினனாகிய முதல்வன் தன் அடியாரைச் சோதித்தான் எனப் புராணங் கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்? அறியாதானுக்கன்றே சோதனை வேண்டுவது? அறிந்தான் சோதிப்பின் அது வீண்செயலாம். அன்றேல் வன்செயலாம் என்பர் ஒருசாரார். இத்தடை எளிதிற் றள்ளத்தக்கதன்று.

திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம். காஞ்சியில் ஏகாலியர் குலத்து வந்த அப்பெரியார் அடியார் ஆடையை ஒலித்துக் கொடுத்தலையே தம் தொண்டாகக் கொண்டவர். குளிர்காலத்தே மெலிந்த முதியவராய் எழுந்தருளிய இறைவன், பொழுதுபடுமுன் தருதல் வேண்டுமென உறுதி பெற்றே தன் கந்தையைக் கொடுத்தான். மழை விடாது பெய்தது, பொழுதுஞ் சாய்ந்தது. முன்னரே ஒலித்து மனையிற் காற்றேற உலர்த்தாது போயினேனே என நாயனார் இரங்கினார். தொழிலறிந்தார்க்கன்றி இவ்விரக்கந் தோன்றாது. சேக்கிழார் அதனை விடாது கூறினமை காண்க. பின்னர் ஆடை ஒலிக்குங் கற்பாறையிலே அவர் தம் தலையை மோத, ஆங்கெழுந்த திருக்கை அவரைப் பற்றிக்கொண்டது.

அப்பொழுது இறைவன் அவர் நிலையைத் தான் அறிந்துகொண்டதாகக் கூறினானல்லன்; மூவுலகுக்கும் அறிவித்ததாகவே கூறினான். தடைக்கு விடை இவ்வொரு சொல்லிலேயே உளது. உயிர் காட்டினாலன்றிக் காணமாட்டாதது என்பது சித்தாந்தத் துணிபு. தன்கண் உள்ள அன்பையும், அன்பின்மையையும் அது தானே அறியாது. ஆதலின் சோதனை இறைவன் அறிதற்பொருட்டன்று; உயிர்க்குக் காட்டும் உபகாரமேயாம் என்க.

அற்றேல், தீமை எற்றிற்கெனின், அஃது இறைவனால் ஆக்கப்பட்டதன்று. செம்பிற் களிம்புபோல அனாதியே உயிரைப் பற்றிய ஆணவத்தினது. சாணியும் உவரும் ஏற்றி, அவற்றொடு ஆடையின் அழுக்கையும் ஒருங்கு போக்கும் ஏகாலியை உவமையாக்கி, மாயாமலத்தால் ஆணவமலங் கழுவப்படுமாற்றை அருணந்தி சிவாசாரியார் சித்தியாரிலே விளக்கினார். உவரேற்றிய ஆடை முன்னையினும் அழுக்குடையதாகவே தோன்றும். அதனைக் கண்டு ஏகாலியை வைவார் உளராயின் யாது செய்வது!

இனி, சிறிது தலைவலி வரினும் சோதனையென்பார் கூற்று நிற்க. முத்தநாதன் செய்த கொலையோ மெய்யான தீமை. திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார்முன் வேடந்தாங்கி வந்தவன் இறைவனல்லன், பகைவன். புத்தகக் கவளியிலிருந்து வெளிப்பட்டது ஆகமமன்று, படைக்கலம். அவன் வினை அவனதே. அத்தீமையை இறைவன் அடியார்க்கு வீடுபேற்றின் வாயிலாக்கினான் என்பதனால் அது நன்மையாகிவிடாது. இவ்விரண்டையும் மயங்கவுரைப்பார் சிலர், அது நூற்கருத்தன்று.

இப்பகுதியை முப்பதாண்டு பாடஞ்சொல்லிய அடியேன், என் மகனை இழந்த ஆண்டில் இந்நூலைத் திறக்கவும் மாட்டாதவனாயினேன். என்பால் உளதென எண்ணியிருந்த உறுதி இத்துணையே என்பது அன்று எனக்குக் காட்டப்பட்டது. பல திங்கள் கழித்து, மாணாக்கரொருவர் வேண்ட ஏட்டை விரித்தேன். பகைவனைத் தீங்கின்றி ஊர்ப்புறத்தே விட்டுத் தத்தன் மீண்டுவருங்காறும், நாயனார் அச்செய்தியைக் கேட்டற்கென்றே உயிர்தாங்கியிருந்த இடம் அது. அன்றைப் பாடம் அவ்வளவிலே நின்றது.