சுரங்க நீரும் நமது ஏரியும்
பூமியைத் திறந்து கனிப்பொருள் எடுக்குமிடத்தில் முதலில் சமாளிக்க வேண்டியது தண்ணீரையே. 1957-ல் சுரங்க வேலை தொடங்கிய நெய்வேலி இதற்குத் தக்க உதாரணம். அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலுள்ள ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டுகிறது. அதைத் தணிக்காமல் மேல்மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஆகையால் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இடைவிடாது இறைக்கிறார்கள்.

இவ்வாறு இறைக்கும் நீர் பாசனத்துக்கும் பயன்பட்டு வருகிறது. ஆயினும் நிலத்தடி நீர்மட்டம் தாழக்கூடும். கிணற்று மட்டத்தை மாதந்தோறும் அளந்து பஞ்சாயத்துப் புத்தகத்தில் குறித்து வைப்போமாக. குறிப்பு இல்லாத முறையீடு எந்த அலுவலகத்திலும் நிற்பதில்லை என்பது நாம் கண்ட அனுபவம்.

சுரங்கத்துள் விழும் மழைநீர் வேறு வகை. மண்ணும் கரித்தூளும் கலந்த அதனை ஊற்றுநீருடன் சேர்க்கலாகாது. வெளிநீர் உள்ளே இறங்காதபடி சுற்றுக்கால்வாயும், மண்மேடுகளின் அடியில் வடிகாலும், வண்டல் படியக் குட்டைகளும் வேண்டும். குட்டை தூர்ந்திருந்தால் வண்டல் நேரே ஏரிக்கு வந்து மதகை அடைக்கும். ஐப்பசி மழைக்கு முன்பே தூர் எடுத்தார்களா என்று அங்கத்தினர்கள் புரட்டாசியில் நிர்வாகத்தாருடன் சென்று பார்ப்பது நலம்.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீராகிவிடாது. கரிப்படிவத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருப்பின், காற்றும் நீரும் பட்டு அமிலம் உண்டாகும். உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான ஆசிரியரிடம் நீல லிட்மஸ் தாள் கிடைக்கும். அது நன்கு சிவந்தால் வாய்க்கால் மடையை அடைத்து, சுத்தமான புட்டியில் மாதிரி எடுத்து, தேதியும் இடமும் எழுதிப் பரிசோதனைக்கு அனுப்புக. சுண்ணாம்பு இட்டு அமிலத்தை முறிப்பது சுரங்கத்தாரின் பொறுப்பு. வயலில் குடியானவர் செய்ய வேண்டிய வேலை அன்று.