கடைக் கேமராவின் பதிவு தெளிவாக இருக்க...



நமது காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகள் முதல் தெருமுனை மளிகைக் கடைகள் வரை இன்று பல கடைகளில் கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கிறோம். மாட்டிய அன்று திரையில் படம் பளிச்சென்று தெரிகிறது. நாமும் திருப்தியாகப் பணத்தைக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். அதன்பின் பதிவுப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்லாவில் பணம் குறைந்த பிறகோ, வாசலில் இறக்கி வைத்த எண்ணெய் டின் காணாமற் போன பிறகோதான் பழைய பதிவைப் போட்டுப் பார்க்கிறோம். அப்போது முகம் தெரியாத ஒரு நிழல்தான் நகர்கிறது.

இதில் நஷ்டம் பொருளோடு போவதில்லை. மங்கலான பதிவில் நீலச் சட்டை போட்ட ஒருவர் தெரிகிறார் என்று வைத்துக் கொள்வோம். அன்று கடைப் பையனும் நீலச் சட்டை போட்டிருந்தால் சந்தேகம் அவன் மேல் விழுகிறது. பல வருடம் உழைத்தவன் பழியோடு வெளியேறுகிறான். தெளிவான பதிவு திருடனைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, குற்றமற்றவனைக் காப்பதற்கும் வேண்டும். ஆகவே பதிவு ஏன் கெடுகிறது, அதை எப்படிச் சரி செய்வது என்பதை முறையாகப் பார்ப்போம்.

முதல் சோதனை

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பின்னர் வீடியோ டெக் வந்தபோது நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிவு செய்து வைத்தவர்கள் நம்மில் உண்டு. காற்றில் ஆன்டெனா திரும்பி விட்டால் திரையில் புள்ளி விழும். கேசட்டிலும் அதே புள்ளிதான் பதிவாகும். திரையில் தெளிவாக இருந்து கேசட்டில் மட்டும் கெட்டிருந்தால் டெக்கின் ஹெட்டில் அழுக்கு என்று அறிந்து கொள்வோம்.

கடையில் உள்ள டி.வி.ஆர். பெட்டிக்கும் இதே விதிதான். இப்போது ஓடும் நேரடிப் படத்தைப் பாருங்கள். பிறகு அதே கேமராவின் நேற்றைய பதிவைப் போட்டுப் பாருங்கள். பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். நேரடிப் படமே மோசம் என்றால் கோளாறு கேமராவிலோ, மின்சாரத்திலோ, கேபிளிலோ இருக்கிறது. நேரடிப் படம் நன்றாக இருந்து பதிவு மட்டும் மோசம் என்றால் பெட்டியின் அமைப்பிலோ ஹார்டு டிஸ்கிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதுப் பெட்டி வாங்கக் கூடாது.

கைப்பேசியில் பார்த்து முடிவு செய்வதும் தவறு. கைப்பேசிக்கு வருவது பெரும்பாலும் தரம் குறைத்து அனுப்பப்படும் படம். பெட்டியோடு இணைத்த திரையில்தான் பார்க்க வேண்டும்.

நேரடிப் படமே மோசமாக இருந்தால்

1. கேமராக் கண்ணாடி: மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த் தூளும் பறக்காத நாள் இல்லை. அத்துடன் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கண்ணாடியில் படிகிறது. இரவில் கேமரா தன்னைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளின் வெளிச்சத்தில் படம் எடுக்கிறது. அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்குச் சிலந்தி வரும். கண்ணாடி முன் ஓர் இழை வலை இருந்தாலும் அந்த ஒளி அதில் பட்டுப் படம் முழுவதும் வெள்ளைப் புகையாகத் தெரியும். மென்மையான துணியால் துடைத்தால் போதும். எங்கள் மண்டியில் மிளகாய் மூட்டை பிரிக்கும் இடத்துக்கு மேலுள்ள கேமராவை வாரம் ஒரு முறை துடைக்கிறோம்.

2. எதிர் வெளிச்சம்: வாசலைப் பார்த்து மாட்டிய கேமராவில் தெரு பளிச்சென்றும் உள்ளே வருபவர் முகம் கறுப்பாகவும் தெரியும். அமைப்பில் டபிள்யூ.டி.ஆர். என்ற வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையேல் கேமராவின் கோணத்தை மாற்றுங்கள்.

3. மின்சாரம்: பகலில் நல்ல படம், இரவில் மட்டும் படம் அலைகிறது அல்லது விட்டு விட்டு வருகிறது என்றால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். இத்தகைய கேமராக்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. இரவில் விளக்குகள் எரிவதால் கூடுதல் கரண்ட் இழுக்கும். அடாப்டர் சிறியதாகவோ, ஒயர் மெலிந்து நீண்டதாகவோ இருந்தால் வோல்ட் இறங்கி விடும். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, இரவு விளக்கு எரியும்போது, கேமரா இருக்கும் முனையில் மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அடாப்டர் இருக்கும் முனையில் அளந்தால் குறை தெரியாது. 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடாப்டரையோ ஒயரையோ மாற்ற வேண்டும்.

4. கேபிள்: படத்தில் குறுக்குக் கோடுகள் மேலும் கீழும் நகர்ந்தால், வீட்டு மின்சார ஒயரோடு சேர்த்து கேபிளைக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டையும் ஓர் அடியாவது பிரித்துக் கொண்டு போக வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் முனையில் உள்ள பி.என்.சி. இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

5. தூரம்: ‘இரண்டு மெகாபிக்ஸல்’ கேமராவின் படம் அகலவாக்கில் 1920 புள்ளிகள் கொண்டது. 20 அடி அகலக் கடை முழுவதையும் ஒரே கேமராவில் அடக்கினால் அடிக்கு 96 புள்ளிதான் கிடைக்கும். அரை அடி அகலமுள்ள முகத்துக்கு 48 புள்ளி. இதில் ஆளை அடையாளம் காண்பது கடினம். அதே கேமரா 8 அடி அகலத்தை மட்டும் பார்த்தால் முகத்துக்கு 120 புள்ளி கிடைக்கும். ஆகவே கடை முழுவதற்கும் ஒன்று, கல்லாவையும் வாசலையும் நெருங்கிப் பார்க்கத் தனித்தனியே ஒவ்வொன்று என்று வைப்பதே முறை.

பதிவு மட்டும் மோசமாக இருந்தால்

இங்கேதான் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கிடங்கில் இடம் எவ்வளவோ அவ்வளவு மூட்டைதான் அடுக்க முடியும். ஹார்டு டிஸ்கும் ஒரு கிடங்கே. ஒரு கேமராவை நொடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஆகும். நான்கு கேமராவுக்கு 86.4 ஜி.பி. ஆக, 1 டி.பி. டிஸ்கில் பதினொன்றரை நாள் பதிவுதான் நிற்கும். அதன்பின் பழையதை அழித்து அதன் மேல் புதியது எழுதப்படும். 30 நாள் வேண்டுமானால் சுமார் 2.6 டி.பி. இடம் தேவை.

‘1 டி.பி.-யிலேயே ஒரு மாதம் நிற்கும்’ என்று ஒருவர் சொன்னால், எதைக் குறைத்து அந்த ஒரு மாதத்தைத் தருகிறார் என்று கேளுங்கள். 1920-க்கு 1080 புள்ளி தர வேண்டிய கேமராவை 352-க்கு 288 என்ற பழைய சி.ஐ.எப். அளவில் பதிவு செய்ய வைத்தால் நாட்கள் கூடும், முகம் தெரியாது. அமைப்பில் பதிவின் அளவு 1080 என்று இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்.

இடத்தை மிச்சப்படுத்த நேர்மையான வழிகளும் உண்டு. நொடிக்கு 25 படம் என்பதை 12 அல்லது 15 ஆக்கி, அதற்கேற்ப மெகாபிட் அளவையும் குறைக்கலாம். கடைக்கு அது போதும். பெட்டியில் எச்.265 என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஏறக்குறைய அதே தரத்துக்குப் பாதி இடமே பிடிக்கும்.

2019-ல் அத்தி வரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். அத்தகைய கூட்ட நாட்களில் 11 நாள் பதிவு எம்மாத்திரம்? முதல் வாரம் நடந்ததை மூன்றாம் வாரம் தேடினால் கிடைக்காது. ஆண்டுதோறும் வைகாசியில் வரும் கருட சேவைக்கும் இது பொருந்தும்.

பதிவு கட்டம் கட்டமாக உடைந்தாலும், இடையிடையே நேரம் விட்டுப் போனாலும் டிஸ்க் தேய்ந்து வருகிறது என்று கொள்ளலாம். இரவு பகலாக எழுதிக் கொண்டே இருக்கும் டிஸ்க் அது. கண்காணிப்புக்கென்றே செய்யப்பட்ட டிஸ்கை வாங்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க் உதவாது. பெட்டியை மூட்டைகளுக்கு நடுவிலோ ஃபிரிட்ஜின் பின்னாலோ வைத்தால் சூட்டில் சீக்கிரம் கெடும். மின்வெட்டின்போது திடீரென நிற்காமலிருக்க ஒரு சிறிய யு.பி.எஸ். போடுங்கள்.

கடிகாரமும் கடவுச்சொல்லும்

படம் தெளிவாக இருந்தும் பயன்படாமற் போவதற்குக் கடிகாரமே காரணமாகும். பெட்டிக்குள் உள்ள சிறிய பாட்டரி தீர்ந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போய் விடும். ஒரு மணி நேரம் தவறிய பதிவு, கடையில் இல்லாதவனை இருந்ததாகக் காட்டி விடும். கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டுச் சரி செய்யுங்கள்.

வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லையும் மாற்றி விடுங்கள். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்து உலகெங்கும் இணையத்தையே தடுமாறச் செய்தது.

போலீஸுக்குக் கொடுக்கும்போது

சம்பவம் நடந்தால் அன்றே பிரதி எடுத்து விடுங்கள். நாளாக ஆகப் பதிவு அழியும். திரையைக் கைப்பேசியால் படம் பிடித்துக் கொடுப்பது தெளிவையும் கெடுக்கும், நம்பகத்தையும் கெடுக்கும். பெட்டியிலிருந்தே பென் டிரைவில் மூலப் பதிவை எடுக்க வேண்டும்.

முன்பு இந்தியச் சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி இதற்குச் சான்றிதழ் தேவைப்பட்டது. அது கட்டாயம் என்பதை 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. இதற்கான சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றைப் பதிவைக் கொடுப்பவரும், மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். விசாரணை அதிகாரியிடமோ வக்கீலிடமோ கேட்டு முறைப்படி செய்யுங்கள். பெட்டியைத் தாமே திறந்து டிஸ்கைக் கழற்ற வேண்டாம்.

மாதம் ஒரு முறை

மாதக் கணக்கு முடிக்கும் அன்று ஐந்து வேலைகள்: கண்ணாடி துடைப்பது, நேற்றைய இரவுப் பதிவைப் போட்டுப் பார்ப்பது, கடிகாரத்தைச் சரி பார்ப்பது, எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்று எண்ணுவது, ஐந்து நிமிடப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துப் பழகுவது. கடைப் பையனையும் பக்கத்தில் வைத்துக் கொண்டே செய்யுங்கள். கேமரா தன்னை வேவு பார்க்க அல்ல, தனக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லத்தான் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியட்டும்.

தராசுக்கு முத்திரை வைக்காமல் நாம் வியாபாரம் செய்வதில்லை. சாட்சி சொல்லும் பெட்டியையும் அவ்வாறே சோதித்து வைத்துக் கொள்வோம்.