விமானம் தயார், கணினி தயாரில்லை

கேள்வி: போர் விமானப் பிரிவுகளில் பராமரிப்புப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றிவிட்டால் வேலை சுலபமாகிவிடும்தானே?

பதில்: ஆக வேண்டும். ஆனால் அமெரிக்காவின் எஃப்-35 விமானத்துக்கு நடந்ததைப் பாருங்கள். பராமரிப்பு, உதிரிபாகம், பயிற்சி, பறப்புத் திட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்க லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் ‘அலிஸ்’ என்ற அமைப்பை உருவாக்கியது. முக்கிய பாகங்களுக்கு மின்னணுப் பதிவேடு உண்டு. எவ்வளவு உழைத்தது, எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். பாகம் வந்து சேரும். பதிவேடு வராது, அல்லது பிழையோடு வரும். உடனே அலிஸ், அந்த விமானம் பறக்கத் தகுதியற்றது என்றுவிடும். விமானமோ நல்ல நிலையில் இருக்கும்! சில நேரம் படைப்பிரிவுத் தலைவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் பறக்க அனுமதித்தார்கள்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ.வின் 2020 அறிக்கை ஒரு கணக்கைச் சொல்கிறது. அலிஸ் சரியாக இயங்காததால் வந்த கூடுதல் வேலைக்கு, ஒரே ஒரு விமானப்படைப் பிரிவு ஆண்டுக்கு 45,000 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டதாம். ஹேங்கரில் உழைப்பவர்கள் தலையில் இதைக் கட்டியது அநியாயம். அதே ஆண்டு ‘ஓடின்’ என்ற மாற்று அமைப்பைப் பென்டகன் அறிவித்தது. மாற்றம் மெதுவாகவே நகர்ந்தது.

இதற்கிடையே அமெரிக்க விமானப்படையின் ‘கெசல் ரன்’ மென்பொருள் குழு, நெல்லிஸ் தளத்தின் பராமரிப்பாளர்களிடமே கேட்டுக் கேட்டுச் சிறு செயலிகளை எழுதியது. ஆரம்பத்திலேயே அப்படித் தொடங்கியிருக்க வேண்டும்.